ஃபிலிம் க்ளீன்

எங்கள் லைனில் இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் யார் எழுந்துவிட்டார், அந்தப் பக்கம் யாருக்கு நேற்றைவிட இன்று மோசம் என்பதெல்லாம் படுக்கையில் இருந்தபடியே தெரிந்துவிடும். அதனால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது ஊருக்கே தெரிந்தது. என்ன நோய் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இப்போதும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் யாராவது நிறுத்தி, "இன்னா கௌதமி, தூசி இப்போ எப்படிக் கீது?" என்று கேட்கிறார்கள். "பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஓடுகிறேன். நின்று பதில் சொன்னால் ரயில் போய்விடும். அந்தப் பதிலைத்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

தூசி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் ட்ரில்லராக இருந்தவர். பாறையில் துளை போடும்போது பறக்கும் மாவு மாதிரியான கல்தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நாளாக நாளாக நுரையீரல் இறுகிக்கொண்டே வரும். டாக்டர்கள் சிலிகோசிஸ் என்பார்கள், நாங்கள் தூசி என்போம். வந்தால் போகாது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாகிறது, அது உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நைனா இப்போது மூக்கில் குழாயோடு கட்டிலில் இருக்கிறார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாளெல்லாம் கரகரவென்று ஓடும். ஊரிகத்தில் எங்கள் வீட்டில் நைனா, நான், என் வீட்டுக்காரர் அன்பரசு, பத்தாவது படிக்கும் மகள் யசோ என நான்கு பேர். அந்த மெஷின் ஐந்தாவது ஆள்.

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. யாராவது புளுகுவதாகத் தோன்றினால் "ஃபிலிம் க்ளீன்" என்போம். கணக்குப் பாடம் முடித்துவிட்டேன் என்று யசோ சொன்னால், நைனா கட்டிலில் இருந்தபடியே, "ஃபிலிம் க்ளீனாம்மா?" என்று கேட்பார். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நைனா இளம் வயதில் இருந்தபோதே இருமல் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பார்த்த டாக்டர் யார், எந்த ஆஸ்பத்திரி என்பதை நைனா இன்றுவரை சொன்னதில்லை. அந்த டாக்டர், "ஃபிலிம் க்ளீன்" என்று சொல்லிவிட்டு, விரலால் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாராம். "கோளாறு இங்கே இருக்கிறது. எல்லாம் மனசு. போய் ஷிஃப்டைப் பார்." நைனா போய் ஷிஃப்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அதே தூசியில் நின்றார். பின்னால் எடுத்த ஃபிலிமில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது. ஆகவே எக்ஸ்ரே சரியாக இருப்பது எங்கள் வீட்டில் நல்ல செய்தி கிடையாது. டாக்டர் வாயிலிருந்து மனசு என்ற சொல் வந்தால் சண்டைதான்.

இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

முதல் தடவை வந்தது ரயிலில். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனிக் கட்டடத்தின் கேன்டீனில் நான் பில் போடுகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் காலை ரயிலில்தான் பிழைக்கிறோம். அன்று பெண்கள் பெட்டியில் நிற்கக்கூட இடமில்லை. பங்காருபேட்டை தாண்டிச் சிக்னலுக்காக ரயில் நின்றது. நின்றதும் நெஞ்சுக்குள் ஏதோ மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. மூச்சை இழுக்கிறேன், போதவில்லை. இன்னும் இழுக்கிறேன், இன்னும் போதவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது. இதயம் அடிக்கிற அடி காதில் கேட்கிறது. இதோ சாகப்போகிறேன், இந்தக் கூட்டத்தில், டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு சாகப்போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. சந்தேகமே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா ஆண்டர்சன்பேட்டைக்காரர், கார்மெண்ட்ஸில் வேலை, என்னோடு பல வருஷமாக ஒரே பெட்டியில் வருகிறவர். அவர்தான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்தார். முதுகைத் தடவியபடியே, குரலைத் தாழ்த்தி, "உங்க நைனாவுக்குக் கீதே, அதுவாம்மா?" என்று கேட்டார்.

பெட்டியே எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அவ்வளவு மரியாதை. தூசி பரம்பரையாக வராது, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தங்கம் பிரித்தெடுத்த ஆலைக்கழிவைக் கொட்டிக் கொட்டி எழும்பிய சைனைடு மேடு எங்கள் லைனுக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்த மண் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். சின்ன வயதில் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடியவள் நான். எத்தனை மண்ணைத் தின்றேனோ! அந்த நொடியில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. தூசிதான்.

மறுநாளிலிருந்து ஜன்னலோரம் எனக்காக ஒதுக்கப்பட்டது. ஸ்டெல்லா அக்கா ஃபிளாஸ்கில் மிளகுக் கஷாயம் கொண்டுவந்தார். பேர் தெரியாதவர்கள்கூட, "அந்தம்மாவுக்கு வழி வுடுங்க, தூசி" என்று இடம் கொடுத்தார்கள். சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அந்த முட்டல் மட்டும் விடவில்லை. ரயிலில் வந்தது கேன்டீனில் வந்தது, பிறகு லிஃப்டில் வந்தது, பிறகு ஒன்றுமே செய்யாமல் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கும்போது வந்தது. வராதபோது எப்போது வரும் என்ற பயம். அந்தப் பயம்தான் ரொம்ப மோசம்.

ஊரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்த முகத்தோடு, "ஃபிலிம் க்ளீன்மா, சந்தோஷமா போங்க" என்றார். பாவம், அவருக்கு எங்கள் வீட்டுக் கதை எப்படித் தெரியும்? வீட்டில் நைனா அந்த ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் பார்க்காத ஃபிலிமா? இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எனக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சு" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்க வேண்டும் அவருக்கு. "வுடாத. பெரிய எடமா பாரு."

பார்த்தோம். நெஞ்சில் ஒயர் ஒட்டி இசிஜி, ஜெல் தடவி எக்கோ. ஒரு குழாயை வாயில் வைத்து முழு பலத்தோடு ஊதச் சொல்லும் டெஸ்ட். நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, எவ்வளவு வேகமாக விடுகிறது என்று அது காட்டும். ஊதி முடித்ததும் அந்தப் பையன், "சூப்பர் மேடம்" என்றான். எனக்கு அழுகை வந்தது. பெங்களூரில் சி.டி. ஸ்கேன். யசோவின் டியூஷன் அத்தோடு நின்றது. தானே படித்துக்கொள்கிறேன் என்றாள். ஓர் இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது நல்ல மருந்து, ஆனால் இதயத்தைக் கொஞ்சம் வேகமாக அடிக்கவைக்கும். எனக்கோ இதயம் வேகமாக அடித்தாலே உயிர் போகிற பயம். இன்ஹேலரை அடித்தேன், முட்டியது. முட்டியதால் இன்னும் அடித்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

நாங்கள் பௌத்தக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை விகாரத்தில் பெரியவர் ஒருவர் அன்போடு, "கண்ண மூடிக்கினு மூச்ச மட்டும் கவனிம்மா, எல்லாம் அடங்கும்" என்றார். நான் வேறு எதையும் கவனிக்காமல் மூச்சை மட்டும் கவனித்துக் கவனித்துத்தானே இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன்? கண்ணை மூடிய கொஞ்ச நேரத்தில் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்துவிட்டேன்.

கோலார் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "நுரையீரல் நல்லா இருக்கு, இதயம் நல்லா இருக்கு. மாடியில மனநலப் பிரிவு இருக்கு, ஒரு தடவை பாருங்க" என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர், குரலில் இளக்காரம் எதுவும் இல்லை. ஆனால் என் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியைத் தாண்டி நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். கூட வந்த அன்பரசு, "வந்ததே வந்தோம், பாத்துட்டுப் போலாமே" என்றார். "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று நடுரோட்டில் கத்தினேன்.

வீட்டில் நைனா கேட்டார். சொன்னேன். அவர் முகம் சிவந்து, இருமல் வந்து, அடங்க வெகு நேரமாயிற்று.

"மனசாமா? அதே பாட்டு. ஆளு மாறினாலும் பாட்டு மாறல. நீ போவாத. நான் உசுரோட கீற வரிக்கும் உன்னப் பைத்தியம்னு எவனும் எழுதக் கூடாது."

நான் போகவில்லை. நைனா பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். ஏமாந்தவர் எச்சரிக்கும்போது எப்படி மீறுவது?

அதற்குப் பிறகு என் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் ரயில் போயிற்று. பிறகு கடைத்தெரு. பிறகு தெருமுனைக் குழாய். கேன்டீன் மேனேஜர் முதலில் அனுதாபமாகப் பேசினார். அடுத்த முறை, "எப்போ வருவீங்கன்னு ஒரு முடிவு சொல்லுங்க கௌதமி" என்றார். என் சம்பளம் இல்லாவிட்டால் அந்த ஆக்சிஜன் மெஷினுக்கான கரண்ட் பில்லை யார் கட்டுவது? அன்பரசுக்கு கான்ட்ராக்ட் வேலை, இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. குளியலறைக் கதவை மூட முடியவில்லை என்னால். மூடினால் முட்டும். அதனால் நான் கதவைத் திறந்து வைத்துக் குளிப்பேன், அவர் வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு யார் வந்தாலும் தடுப்பார். சும்மா உட்காராமல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி என்ன செய்தது, மேஸ்திரி என்ன உளறினார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், நான் தனியாக இல்லை என்று தெரிய. அதற்காக அவருக்கு ஏழு ஜென்மம் கடன்பட்டிருக்கிறேன்.

நைனாவின் மெஷினைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்தது. மூக்கில் குழாய் இருந்தால் நிம்மதியாக இருக்கலாமே என்று நினைத்தேன். இப்படி வாழ்வதைவிடப் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்றும் சில நாள் நினைத்தேன். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் யசோ பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் நெஞ்சில் கை வைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கண்டேன். "இன்னாடி?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா. எனக்கும் சரியா போவுதான்னு பாத்தேன்" என்றாள். நைனாவிடமிருந்து எனக்கு எது வந்ததோ தெரியாது, என்னிடமிருந்து இவளுக்கு எது போகிறது என்பது கண்ணுக்கு எதிரே தெரிந்தது.

இப்போது அந்த மதியத்தைச் சொல்ல வேண்டும். காற்றுக் காலம். சைனைடு மேட்டு மண் எழுந்து லைன் முழுக்க மஞ்சளாக இருந்தது. ஜன்னலையெல்லாம் சாத்தினேன். சாத்தியதுதான் தாமதம், முட்டிக்கொண்டது. அதுவரை வந்ததிலேயே பெரியது. அடுப்படியில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். கத்தக்கூட மூச்சு இல்லை, தட்டு ஒன்று உருண்டு விழுந்த சத்தம்தான் நைனாவுக்குக் கேட்டிருக்கிறது. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

கட்டிலைவிட்டு இறங்கினால் மூச்சு வாங்கும் மனிதர், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். குழாய் அடுப்படி வரை எட்டும். என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மூக்கிலிருந்து அந்தக் குழாயை உருவி, என் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மாட்டிவிட்டார். அவசரமே இல்லாமல் மாட்டினார்.

"இழு கண்ணு" என்றார். "ஒண்ணும் இல்ல. இழு."

நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். என் கையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எனக்குச் சொர்க்கமாக இருந்தது. பார்த்தாயா, ஆக்சிஜன் கொடுத்ததும் சரியாகிவிட்டது, இது நுரையீரல்தான் என்றுகூட நினைத்தேன். கையில் அவர் பிடி தளர்ந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன். நைனாவின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

குழாயைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்தேன். வெளியே ஓடிக் கத்தினேன். கத்த மூச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. லைனே திரண்டது. ஆம்புலன்ஸில் அவரை ஏற்றும்போது நானும் ஏறினேன். பேத்தமங்களா ரோடு வந்ததும் தெரியாது, கோலார் வந்ததும் தெரியாது. நைனா செத்தால் அது என்னால் என்பது மட்டும் தெரிந்தது. பாதி வழியில் எனக்கு மறுபடியும் முட்ட ஆரம்பித்தது.

அவசரப் பிரிவில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் போட்டார்கள். நர்ஸ் ஒருவர் ஓடிவந்து, நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திணறுவதையும், நைனா அசையாமல் கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்து, "யாருக்கு மூச்சு முட்டுது?" என்று கேட்டார்.

நைனா விரலைத் தூக்கி என்னைக் காட்டினார். "அவளுக்கு."

நர்ஸ் இரண்டு கிளிப்புகளை எடுத்து எங்கள் இருவர் விரலிலும் மாட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி அது. நைனாவுக்காக வீட்டிலும் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். அது நைனாவின் சாமான் என்பதால் என் விரலில் மாட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவே இல்லை. என்னுடையது தொண்ணூற்றொன்பது காட்டியது. நைனாவுடையதைப் பார்த்ததும் நர்ஸ் என்னை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

நைனா பிழைத்தார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் தவிக்க வேண்டாம். சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். நான்தான் கூட இருந்தேன். பகலில் அன்பரசு சோறு கொண்டுவருவார், யசோ பள்ளிக்கூடம் விட்டு வந்து தாத்தாவின் நகத்தை வெட்டிவிடுவாள். ஸ்டெல்லா அக்கா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். யாருக்குத் தூசி, யாருக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை, எனக்கு அதுவே நிம்மதி.

எனக்கு வார்டிலும் வந்தது. ஒருநாள் காலை, டாக்டர்கள் ரவுண்ட்ஸ் போன கையோடு வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் விரலில் இருந்த கிளிப்பைக் கழற்றி, என் விரலைப் பிடித்து இழுத்து அதில் மாட்டினார்.

"நைனா, கழட்டாத! உனக்கு வேணும்" என்றேன்.

"சும்மா இரு. குழா கழட்டல இல்ல?"

பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்தார். நான் வியர்த்து, நடுங்கி, செத்தேன் செத்தேன் என்று முனகி, மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுது முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அது தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. அதைவிட்டு இறங்கவே இல்லை.

ஃபிலிமை நம்பாத மனிதர் கிளிப்பை நம்பினார். ஃபிலிமை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும். கிளிப் அப்படி இல்லை. எண் இறங்கும்போது தன் உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியும். தினமும் அதோடுதான் வாழ்கிறார்.

"இது பொய் சொல்லாது" என்றார். கிளிப்பைத் தன் விரலில் திரும்ப மாட்டிக்கொண்டு, "உனக்கு நெஞ்சுல தூசி இல்ல, கௌதமி" என்றார்.

"அப்போ நான் நடிக்கிறேனா நைனா?"

"யாரு சொன்னா? நான் பாத்துக்கினுதான இருந்தேன். உசுரு போய் உசுரு வருது உனக்கு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தச் சீட்டு எங்க? மாடிக்குப் போன்னு எழுதிக் குடுத்தாரே."

பையிலேயே இருந்தது, மடித்தபடி.

"நானும் வரேன்" என்றார். "நீ தனியா போனா இன்னா சொல்லி அனுப்புவாங்களோ. நான் எதிர்ல இருந்து கேக்கணும்."

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் போனோம். சக்கர நாற்காலியில் நைனா, மடியில் சின்ன சிலிண்டர், தள்ளுகிறவர் அன்பரசு, பின்னால் நான். சண்டைக்குப் போகிற கூட்டம் மாதிரித்தான் இருந்தோம். மனநலப் பிரிவு வாசலில் பெஞ்சில் இடமில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த படத்தைப் படித்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எங்களைப் பார்த்ததும், "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, தானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கன்னடம் கலந்த தமிழில், மெதுவாக முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சிக்னலில் நின்ற ரயிலில் ஆரம்பித்துக் குளியலறைக் கதவு வரை. செத்தால் தேவலை என்று நினைத்ததையும் சொன்னேன். அன்பரசு தலையைத் திருப்பிக்கொண்டார். நடுவில் ஒரு தடவைகூட டாக்டர் என் பேச்சில் குறுக்கிடவில்லை.

"இது உண்மையான நோய்தான்" என்றார். "பானிக் டிஸ்ஆர்டர்னு பேரு. ஆபத்து வந்தா உடம்பு அலாரம் அடிக்கும். உங்களுக்கு ஆபத்து இல்லாமலே அடிக்குது. பயத்துல வேகமா மூச்சு வாங்குறீங்க, தேவைக்கு மேல. அதனாலதான் விரல் மரத்துப்போகுது, மூச்சு போதாத மாதிரி இருக்குது. சாகுற மாதிரி இருக்கும், ஆனா இதனால சாக மாட்டீங்க." ஒரு மாத்திரை எழுதினார். வேலை செய்ய சில வாரம் ஆகும், முதலில் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும், அதற்காக நிறுத்தக் கூடாது என்றார். மூச்சை உள்ளே இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடக் கற்றுக் கொடுத்தார். பயந்து விட்டுவிட்ட இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போக வேண்டும் என்றார். முதலில் தெருமுனைக் குழாய், கடைசியில் ரயில்.

நைனா அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது பேசினார்.

"மனசுன்னு சொல்லிட்டு அனுப்பிடுவீங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நைனா சொன்னார், நிறுத்தி நிறுத்தி. அந்த ஃபிலிம், நெற்றியைத் தட்டிய விரல், போய் ஷிஃப்டைப் பார் என்றது, எல்லாவற்றையும். இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டரிடம் அவர் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அனுப்ப மாட்டேன். ரெண்டு வாரத்துல திரும்பி வரணும். மாசத்துல ஒரு நாள் நானே உங்க ஊர் ஆஸ்பத்திரியில வந்து பாக்குறேன், அங்கயும் வரலாம்" என்றார்.

நைனா தலையை ஆட்டினார். எனக்குச் சொல்கிற மாதிரி, ஆனால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்தாளு மனசுன்னு சொன்னாரு. மனசுக்கு மருந்து கீதுன்னு சொல்லல. இந்தம்மா உக்காரச் சொல்றாங்க."

முடிந்தது என்று நினைத்து நான் பையை எடுத்தேன். டாக்டர் நாற்காலியை நைனா பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அய்யா, உங்களுக்குத் தூசி இருக்குது. அது சரி. பயம் இருக்குதா?"

எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியை நைனாவிடம் கேட்டதில்லை. ஆழத்தில் எத்தனையோ லெவல் இறங்கி வேலை பார்த்தவர், பாறை வெடித்த இடத்தில் ஆட்களைத் தூக்கிவந்தவர் என்று லைனில் அவருக்குப் பேர். அவரிடம் போய் யார் கேட்பார்கள்? நைனா பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். மூச்சுக்காக என்று நினைத்தேன். மூச்சுக்காக இல்லை.

"டெய்லியும்" என்றார்.

"எப்போ இருந்து?"

"மொத நாள் சுரங்கத்துக்குள்ள எறக்குற கேஜ்ல ஏறி, கதவ மூடினாங்களே. அப்போ இருந்து."

அன்பரசு என்னைப் பார்த்தார். நான் நைனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது, நான் ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடிக்கிற மாதிரியே.

"கௌதமி" என்றார், திரும்பாமலே. "கீழ போய் எனக்கும் ஒரு சீட்டு போட்டுக்கினு வா."

மாடிப்படி இறங்கினேன். கவுண்டரில் நீள வரிசை. பாதி தூரம் நகர்ந்ததும் நெஞ்சு மூடிக்கொள்ள ஆரம்பித்தது. கற்றுக்கொண்ட மாதிரி காற்றை மெல்ல வெளியே விட்டேன். முட்டல் போகவில்லை, ஆனாலும் வரிசையை விட்டு நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் எங்கள் ஊர் முகங்கள் இரண்டு மூன்று நின்றன.

"பேரு?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"ஆனந்தன்."

"எந்த டாக்டர்? நெஞ்சா?"

"இல்லைங்க" என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "மாடியில. மனநலம். எங்க நைனாவுக்கு."